கிட்டாருக்கு வால்வா, டிரான்சிஸ்டரா?

எட்டயபுரம் என்றதும் பாரதியார் நினைவுக்கு வருவார். இசை பயின்றவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதரும் நினைவுக்கு வருவார். வீணையில் வல்லவரான அவர் 1835ஆம் ஆண்டு இவ்வூரில்தான் காலமானார். அவருடைய சமாதி இங்கே உள்ளது. அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலை 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்டார். அதே 1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் என்ற அறிஞர், இரண்டு மின்வாய்கள் கொண்ட வெற்றிடக் குழல் ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். அதுவே முதல் ரேடியோ வால்வு.

இன்னொரு பொருத்தமும் உண்டு. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் திறக்கப்பட்டது 1947 அக்டோபரில். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் டிரான்சிஸ்டர் வேலை செய்தது. இவையெல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகளே. ஆனால் வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் இடையே இன்றுவரை நடக்கும் ஒரு வழக்கைத் தீர்க்க, நம் தம்புராவே சாட்சி சொல்லும் என்பதை இக்கட்டுரையின் நடுவில் காண்போம்.

அது என்ன வழக்கு? கல்லூரி இசைக் குழுக்களிலும், தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களின் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் மின் கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் பலர். முதலில் அவர்கள் வாங்குவது விலை குறைந்த டிரான்சிஸ்டர் பெருக்கி. சில காலம் கழித்து, "வால்வுப் பெருக்கிக்கு மாறினால்தான் உண்மையான ஒலி கிடைக்கும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதன் விலையோ பல மடங்கு. எடை தூக்க முடியாத எடை. உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம். கணக்கிடும் கருவி, தொலைக்காட்சி எனப் பலவற்றிலும் வழக்கொழிந்துபோன வால்வு, கிட்டார் பெருக்கியில் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? இது வெறும் மயக்கமா, அல்லது இயற்பியல் காரணம் ஏதேனும் உண்டா? வீட்டாரிடம் பணம் கேட்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது அல்லவா?

பெருக்கியின் வேலை

மின் கிட்டாரின் எஃகுக் கம்பிகளுக்கு அடியில் காந்தங்களும், அவற்றைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. இது பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே. இவ்வாறு கிடைப்பது ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் 8 ஓம் மின்மறுப்புள்ள ஒலிபெருக்கிக்கு 15 வாட் திறன் கொடுக்க வேண்டுமானால் எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும்? திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்துக் கிடைப்பது. 15ஐ 8ஆல் பெருக்கினால் 120. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 11 வோல்ட். அதாவது 0.1 வோல்ட்டை 11 வோல்ட்டாக்க வேண்டும். கூடவே போதிய மின்னோட்டமும் தரவேண்டும். இந்த வேலையைச் செய்வதுதான் பெருக்கி.

வால்வு ஒரு மதகு

வால்வின் கண்ணாடிக் குழலுக்குள் காற்று கிடையாது. நடுவே உள்ள எதிர்மின்வாயைச் சிறு மின்னிழை ஒன்று செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும்வரை சூடாக்குகிறது. சூடேறிய பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. வெளியே உள்ள தகட்டுக்கு 250 அல்லது 300 வோல்ட் நேர் அழுத்தம் கொடுத்தால், அவை தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இவ்வளவும் பிளெமிங்கின் வால்வு.

1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட், எதிர்மின்வாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் மூன்றாவது மின்வாயாக ஒரு கம்பி வலையைப் புகுத்தினார். வலைக்கு எதிர் அழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான் ஓட்டம் குறையும். அதைத் தளர்த்தினால் ஓட்டம் கூடும். கண்மாய் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆள் மதகுப் பலகையைச் சிறிது அசைத்தால் போதும். வாய்க்காலில் பாயும் தண்ணீரின் அளவு பெரிதும் மாறும். தண்ணீரைப் பாயச் செய்வது ஆளின் பலம் அல்ல; கண்மாயில் தேங்கியுள்ள நீரின் பலம். அதுபோல் வலையில் சிறு மின்னழுத்த மாற்றம். தகட்டில் பெரிய மாற்றம். கிட்டார் பெருக்கிகளில் மிகுதியாகக் காணப்படும் இசிசி 83 என்ற சிறு வால்வு, நடைமுறையில் ஏறத்தாழ 60 மடங்கு பெருக்கித் தரும்.

வால்வு உயர்ந்த அழுத்தத்தில் சிறிய மின்னோட்டத்தையே தரும். ஒலிபெருக்கிக்கு வேண்டியதோ குறைந்த அழுத்தமும் பெரிய மின்னோட்டமும். எனவே இடையில் ஒரு மின்மாற்றி தேவை. இஎல் 84 என்ற இரண்டு வால்வுகள் சேர்ந்து வேலை செய்யும்போது 8000 ஓம் சுமை அவற்றுக்கு ஏற்றது. ஒலிபெருக்கியோ 8 ஓம். விகிதம் 1000, சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலம், ஏறத்தாழ 32. வால்வுப் பெருக்கியின் எடைக்கும் விலைக்கும் இந்த இரும்பும் செம்பும் பெரிய காரணம்.

டிரான்சிஸ்டரும் ஒரு மதகுதான். ஆனால் அது சிலிக்கன் படிகத்துக்குள் வேலை செய்கிறது. சூடேற்றும் இழை வேண்டாம். சில பத்து வோல்ட் போதும். ஒலிபெருக்கியை மின்மாற்றி இல்லாமலே இயக்கும். எளிதில் உடையாது. வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பி அனுப்பிப் பிழையைத் திருத்திக்கொள்ளும் எதிர்ப் பின்னூட்ட முறையை இதில் தாராளமாகப் பயன்படுத்தலாம். திருவிழா மைக் செட்டுக்கும் மேடைப் பேச்சுக்கும் இதைவிட நல்லது வேறில்லை. அப்படியிருக்க, கிட்டார் வாசிப்போர் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

வெட்டுப்பட்ட அலை

மதகுப் பலகையை முழுவதும் தூக்கிய பின் இன்னும் தூக்கினால் என்ன பயன்? தண்ணீர் கூடாது. முழுவதும் மூடிய பின் இன்னும் அழுத்தினாலும் ஓட்டம் சுழிக்குக் கீழே போகாது. பெருக்கிக்கும் இத்தகைய எல்லைகள் உண்டு. அவற்றைத் தாண்டி ஒலியளவைக் கூட்டினால், அலையின் மேல்முகடும் கீழ்முகடும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. மைக் செட்டை முழு அளவில் வைத்தால் பேசுபவர் குரல் கரகரப்பது இதனால்தான். அங்கே அது குற்றம். ஆனால் கிட்டார் வாசிப்பவர் வேண்டுமென்றே இந்த எல்லைக்குப் போகிறார். 1964இல் டேவ் டேவிஸ் என்ற ஆங்கிலக் கலைஞர், இந்தக் கரகரப்புக்காகவே தம் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர அலகால் கீறி வாசித்தார்!

வெட்டுப்பட்ட அலையில் நடப்பதை வீட்டிலேயே வரைந்து பார்க்கலாம். வரைபடத் தாளில் ஒரு சைன் அலை வரையுங்கள். அதனுடன் மூன்று மடங்கு அதிர்வெண்ணும் மூன்றில் ஒரு பங்கு உயரமும் கொண்ட அலையைக் கூட்டுங்கள். பிறகு ஐந்து மடங்கு அதிர்வெண்ணும் ஐந்தில் ஒரு பங்கு உயரமும் கொண்ட அலையைக் கூட்டுங்கள். 30, 45, 60, 90 பாகைகளில் முதல் அலையின் உயரங்கள் 0.50, 0.71, 0.87, 1.00. மூன்றையும் கூட்டினால் முறையே 0.93, 0.80, 0.69, 0.87 வரும். கூர்மையாக ஏறிய முகடு, ஏறத்தாழ மட்டமான மேடாகிவிட்டது அல்லவா! இப்படி ஒற்றைப்படை மடங்குகளைச் சேர்த்துக்கொண்டே போனால் சதுர அலை கிடைக்கும். இதைத் திருப்பிச் சொன்னால், ஓர் அலையின் இரு முகடுகளையும் சமமாக வெட்டும்போது, முன்பு இல்லாத ஒற்றைப்படை மேற்சுரங்கள் அதில் பிறந்துவிடுகின்றன.

வெட்டு சமமாக இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் மிகுதியாக இருந்தால், 2, 4 போன்ற இரட்டைப்படை மடங்குகளும் பிறக்கும். வெட்டு கூர்மையாக இருந்தால் மிக உயர்ந்த மடங்குகள் வலுவாக இருக்கும். முகடு மெல்ல வளைந்து மழுங்கினால் உயர்ந்த மடங்குகள் விரைவில் தேய்ந்துவிடும். இங்கேதான் வேறுபாடு தொடங்குகிறது.

பின்னூட்டம் மிகுந்த டிரான்சிஸ்டர் பெருக்கி, எல்லையைத் தொடும்வரை நேராகவே செல்லும். தொட்டதும் கத்தி வைத்தாற்போல் வெட்டும். வால்வோ எல்லை நெருங்கும்போதே மெல்ல வளையத் தொடங்குகிறது. மேலும் தனியாக வேலை செய்யும் ஒரு வால்வு இரு முகடுகளையும் சமமாக வளைப்பதில்லை. எனவே இரண்டாம் மடங்கும் கிடைக்கிறது. 1973இல் ரசல் ஹாம் என்பவர் அமெரிக்க ஒலிப் பொறியியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை இதைப்பற்றியதே. மிகுதியான உள்ளீடு கொடுத்து அவர் சோதித்த ஒலிவாங்கிப் பெருக்கிகளில், வால்வு வகையும் டிரான்சிஸ்டர் வகையும் தரும் மேற்சுரங்களின் கலவை வேறுபட்டது.

ஒரு திருத்தமும் இங்கே தேவை. "வால்வு இரட்டைப்படை மேற்சுரங்களையே தரும்" என்று பலர் சொல்வது முழு உண்மை அன்று. பெரிய பெருக்கிகளின் கடைசிக் கட்டத்தில் இரண்டு அல்லது நான்கு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. அங்கே இரட்டைப்படை மடங்குகள் ஒன்றையொன்று நீக்கிவிட, ஒற்றைப்படை மடங்குகளே மேலோங்கும்.

எந்தச் சுரம் எங்கே நிற்கிறது?

ஸட்ஜம் வினாடிக்கு 240 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் மடங்கு 480. அது மேல் ஸட்ஜம். மூன்றாம் மடங்கு 720. மேல் ஸ்தாயிப் பஞ்சமம். நான்கு 960; மீண்டும் ஸட்ஜம். ஐந்து 1200, அந்தர காந்தாரம். ஆறு 1440, மறுபடியும் பஞ்சமம். இதுவரை எல்லாம் இனிய உறவினர்களே. ஏழாம் மடங்கு 1680. அந்த ஸ்தாயியில் கைசிகி நிஷாதம் 1707 அளவில் நிற்க வேண்டும். இது அதற்குக் கீழே தாழ்ந்துவிட்டது. பதினொன்றாம் மடங்கு 2640. சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையே எதிலும் சேராமல் நிற்கிறது. எனவே கீழ் மடங்குகள் மட்டும் வலுத்தால் காது "நிறைவான ஒலி" என்கிறது. உயர்ந்த ஒற்றைப்படை மடங்குகள் வலுத்தால் "கரகரப்பு" என்கிறது.

இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் இன்னொரு விளைவு உண்டு. வளைந்த பெருக்கியில் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய அதிர்வெண்களாகத் தோன்றும். 240உம் 360உம், அதாவது ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்தால் கழித்தல் 120, கீழ் ஸட்ஜம். கூட்டல் 600, காந்தாரம். எல்லாம் பொருந்துகின்றன. ஆனால் 240உடன் 288ஆன சாதாரண காந்தாரத்தைச் சேர்த்தால் 48, 192, 336, 528 என்று பலவும் முளைக்கும். 528 எந்தச் சுரத்திலும் சரியாகப் பொருந்தாது. ராக் இசையில் ஒலி முரடாகும்போது கலைஞர்கள் ஸட்ஜ-பஞ்சமத்தை மட்டும் சேர்த்து வாசிப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

தம்புராவின் சாட்சி

மேற்சுரங்களைக் கூட்டி ஒலிக்கு உயிரூட்டுவது நமக்குப் புதிதன்று. தம்புராவின் குதிரைமேல், கம்பிக்கு அடியில் ஒரு பருத்தி நூலை வைத்துச் சரிசெய்வார்கள். அதற்கு 'ஜீவா' என்றே பெயர். நூல் சரியான இடத்தில் அமர்ந்ததும் கம்பி ரீங்கரிக்கத் தொடங்கும். சர் சி. வி. ராமன் 1921இல் இதை ஆராய்ந்தார். ஒரு கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அங்கே அசையாப் புள்ளி கொண்ட மேற்சுரங்கள் எழாது என்பது தாமஸ் யங் கூறிய விதி. நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை மடங்குகள் கேட்கக் கூடாது. ஆனால் தம்புராவிலும் வீணையிலும் அவ்வாறு எழக்கூடாத மேற்சுரங்கள் வலுவாக எழுவதை ராமன் கண்டார்.

காரணம் அகன்று வளைந்த குதிரை. ஒவ்வோர் அதிர்விலும் கம்பி குதிரையின் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. கீழ் அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதி மேற்சுரங்களுக்கு மாறுகிறது. வளைந்த குதிரையும் வளைந்து மழுங்கும் வால்வும் வெவ்வேறு பொருள்கள். ஆனால் இரண்டிலும் நடப்பது ஒரே வகை வேலை. உள்ளே போன அலையும் வெளியே வரும் அலையும் நேர்விகிதத்தில் இல்லை; அந்த விகிதப் பிறழ்ச்சியே ஒலிக்கு நிறம் கொடுக்கிறது.

ஆகவே தீர்ப்பு இப்படி அமைகிறது. மைக் செட்டில் பெருக்கி ஒரு தூதன். சொன்னதைச் சொன்னபடி சேர்க்க வேண்டும். கூட்டிச் சொன்னால் குற்றம். மின் கிட்டாரில் பெருக்கி இசைக்கருவியின் ஒரு பாகம். வீணைக்குக் குடம் எப்படியோ, அப்படி. அது ஒலியை மாற்றத்தான் வேண்டும். எப்படி மாற்றுகிறது என்பதே கேள்வி.

மற்ற இரண்டு காரணங்கள்

முதலாவது, ஒலிபெருக்கியின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் அன்று. அதன் இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகிலும் உயர்ந்த சுரங்களிலும் அது கூடும். டிரான்சிஸ்டர் பெருக்கியின் உள்தடை மிகக் குறைவு. அது கூம்பைப் பிடித்து அடக்கி வைக்கும். வால்வுப் பெருக்கியின் உள்தடை கூடுதல். எனவே அந்த இடங்களில் ஒலி சற்று மேலெழும்பும்.

இரண்டாவது, பழைய அமைப்புகளில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றுவதும் ஒரு வால்வே. பலமாக மீட்டினால் அதன் அழுத்தம் சிறிது இறங்கி, பிறகு மெல்ல மீளும். ஓங்கி எழும் ஒலி அமுங்கி, பின்னால் நீண்டு நிற்பதுபோல் கேட்கும்.

அதற்காக டிரான்சிஸ்டர் தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். 1966இல் பெண்டர் நிறுவனம் வெளியிட்ட டிரான்சிஸ்டர் பெருக்கிகள் வரவேற்பின்றிச் சில ஆண்டுகளில் நின்றுபோனது உண்மையே. ஆனால் 1975இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜேசி 120 என்ற டிரான்சிஸ்டர் பெருக்கி, தெளிந்த ஒலிக்காக உலகப் புகழ் பெற்றது. பி. பி. கிங் போன்ற பெரும் கலைஞரும் டிரான்சிஸ்டர் பெருக்கியில் வாசித்திருக்கிறார். நம் நாட்டில் யூ. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டினார். நுட்பமான கமகங்கள் தெளிவாகக் கேட்க வேண்டிய அத்தகைய இசைக்குப் பெருக்கி தூதனாக இருப்பதே நன்று. முரடான ஒலி தேவையில்லாதவருக்கு வால்வால் கிடைக்கும் லாபம் குறைவு. வால்வின் வளைவைக் கணக்கிட்டுப் போலச்செய்யும் கணினிவழிப் பெருக்கிகளும் இன்று உண்டு.

மாறுவதற்கு முன்

வால்வுக்கு மாற விரும்புவோர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும்.

வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் வேறுபாடு 3 டெசிபல்தான். ஒலி இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். வால்வின் இனிமை எல்லையை நெருங்கும்போதுதான் வெளிப்படும். சிறிய அறையில் 50 வாட் பெருக்கியை அந்த எல்லைக்குக் கொண்டுபோனால் காது கெடும். அண்டை வீட்டார் உறவும் கெடும். 5 வாட்டே வீட்டுக்குப் போதும்.

ஒலிபெருக்கியை இணைக்காமல் வால்வுப் பெருக்கியை ஒருபோதும் வாசிக்கக் கூடாது. சுமையில்லாத மின்மாற்றியில் எழும் உயர் அழுத்தம் அதன் காப்பையே துளைத்துவிடும். ஓம் அளவும் பொருந்த வேண்டும்.

மின்சார அழுத்தம் தாழும் ஊர்களில் கவனம் தேவை. 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் வந்தால், 6.3 வோல்ட் பெற வேண்டிய இழை 4.9 வோல்ட்டே பெறும். வால்வுகளின் இழைக்குப் பத்து விழுக்காடு ஏற்ற இறக்கமே பொதுவாக அனுமதிக்கப்படுவது. நல்ல ஸ்டெபிலைசர் இன்றி இதை வாங்குவதில் பொருளில்லை.

வால்வு தேயும் பொருள். பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், ஒரு காலத்தில் நம் வானொலிப் பெட்டிகளுக்கு வால்வுகளைச் செய்து தந்தது. இன்று கிட்டார் பெருக்கிகளுக்கான வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. மாற்று வால்வு எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. டிரான்சிஸ்டர் பெருக்கியைத் திறந்து பார்த்துப் பழகியவர்கள் அதே துணிவுடன் வால்வுப் பெருக்கியைத் திறக்கக் கூடாது. உள்ளே 300 முதல் 450 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் பெரிய மின்தேக்கிகள் அந்த மின்னூட்டத்தை வைத்திருக்கும். அணைந்த வால்வைக் கண்டு மின்சாரமும் அணைந்தது என்று நினைப்பவர் உயிருக்கே ஆபத்து. பழுது பார்ப்பதைப் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும்.

மாணவ நண்பர்களே, பெருக்கி வாங்கப் போகும் உங்கள் அண்ணனோ நண்பனோ இருந்தால், இரண்டு வகைப் பெருக்கியிலும் ஒரே கிட்டாரை, ஒரே ஒலியளவில், எது எதுவென்று பாராமல் வாசிக்கக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் மெல்ல, பிறகு ஓங்கி. வேறுபாடு தெரியவில்லையெனில் பணம் மிச்சம். தெரிந்தால், எதைக் கேட்டோம், அது ஏன் பிறந்தது என்பதைச் சொல்ல இனி உங்களால் முடியும்.